கென்யாவில் வரலாற்று ஆய்வு: எந்தக் காகிதத்தை முதலில் வாங்குவது?

கென்யாவின் சமூகத்தையும் வரலாற்றையும் ஆராய இந்தியாவிலிருந்து முதல்முறை கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அலைந்தபோது ஒவ்வொரு அலுவலகமும் தன் படிவத்தைப் பற்றி மட்டும்தான் பேசியது. எதை முதலில் வாங்க வேண்டும், எது கையில் இருந்தால் அடுத்தது கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. உரிமம் கேட்டால் அறநெறி ஒப்புதல் எங்கே என்பார்கள். ஒப்புதல் கேட்டால் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் கடிதம் எங்கே என்பார்கள். வரிசை தெரிந்தால் ஏறக்குறைய ஆறு மாதத்தில் முடிகிற வேலை இது. தெரியாவிட்டால் ஒரு கல்வியாண்டே போய்விடும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம். 1938-ல் நைரோபிக்குப் பக்கத்து மச்சாகோஸ் பகுதியில் வாழும் கம்பா இன மக்களின் மாடுகளைக் கட்டாயமாகக் குறைக்க ஆங்கிலேயக் காலனி அரசு இறங்கியது. முயின்டி ம்பிங்கு தலைமையில் மக்கள் நைரோபிக்குத் திரண்டு வந்து முகாமிட்டார்கள். அவரைப் பிடித்துக் கடற்கரைத் தீவான லாமுவுக்கு நாடுகடத்தினார்கள். உங்கள் தலைப்பு வேறாக இருக்கலாம், வழி இதேதான்.

1. விமானச் சீட்டுக்கு முன், வீட்டிலிருந்தே படியுங்கள்

அரசிதழான கென்யா கெஜட்டின் பழைய இதழ்கள் கூகுள் புக்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. நியமனங்கள், நில அறிவிப்புகள், உத்தரவுகள் எல்லாம் அதில் இருக்கும். தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் பதிவு செய்துகொண்டு, கிழக்கு ஆப்பிரிக்க இந்தியர்கள் பற்றிய கோப்புகளைத் தேடுங்கள். நமக்கு இது தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1938 கம்பா போராட்டத்தில் கென்யச் சட்டமன்றத்தின் இந்திய உறுப்பினர் ஈஷர் தாஸ் கம்பா மக்களோடு நின்றார். இந்தியர் தடம் எதிர்பாராத இடத்தில் எல்லாம் வரும்.

மாவட்ட, மாகாண ஆண்டறிக்கைகள் பலவற்றை அமெரிக்காவின் சிரக்கூஸ் பல்கலைக்கழகம் மைக்ரோஃபிலிமில் எடுத்து வைத்திருக்கிறது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கென்யாவுக்கான குடியேற்ற அமைச்சகக் கடிதங்கள் ‘சி.ஓ. 533’ என்ற வரிசையில் இருக்கின்றன. 1950களை ஆராய்பவர்கள் ‘எஃப்.சி.ஓ. 141’ வரிசையைப் பார்க்காமல் எழுதவே கூடாது. கென்யா விடுதலை அடைந்தபோது ஆங்கிலேயர்கள் எடுத்துப்போய் ஒளித்து வைத்திருந்த கோப்புகள் அவை. 1950களில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய மாவ் மாவ் போராளிகள் தொடுத்த வழக்கால் 2011-ல் வெளியே தெரிந்து, 2012 முதல் கியூவில் படிக்கக் கிடைக்கின்றன. கியூவில் வாசிப்புச் சீட்டு இலவசம், சொந்த கேமராவில் படமெடுப்பதும் இலவசம். லண்டன் போக வசதியில்லாதவர்கள் கூலிக்குப் படமெடுத்துத் தரும் தனி ஆய்வாளர்களை அமர்த்திக்கொள்ளலாம். விசாவும் தங்கும் செலவும் சேர்ந்தால் ஆகும் தொகையை நினைத்தால் பெரும்பாலும் அதுவே மலிவு.

இதை முதல் படியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆய்வு முன்வரைவில் கோப்பு வரிசைகளின் பெயரோடு எழுதுகிறவரை அங்குள்ள பேராசிரியர்கள் மதிக்கிறார்கள். ‘கென்யச் சமூகம் பற்றி ஆய்வு’ என்று மொட்டையாக எழுதினால் பதில்கூட வராது.

2. இணைப்புக் கடிதம் (தொடங்க வேண்டிய இடம் இதுதான்)

கென்ய நிறுவனம் ஒன்று உங்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டதாகத் தரும் கடிதம் இது. வெளிநாட்டவருக்கு இது இல்லாமல் ஒன்றும் நகராது. நைரோபி, கென்யாட்டா, மோய், மசேனோ, எகர்ட்டன் ஆகிய பல்கலைக்கழகங்களில் கேட்கலாம். நம் உதாரணத் தலைப்புக்கு மச்சாகோஸ் பல்கலைக்கழகமும் பொருந்தும். நைரோபி கிலெலேஷ்வாவில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கான பிரிட்டிஷ் ஆய்வு நிறுவனமும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் உள்ளன. இரண்டும் வெளிநாட்டு ஆய்வாளர்களைக் கையாண்டு பழகியவை, அவற்றின் நூலகங்களும் நன்றாக இருக்கும்.

பதிவாளருக்கு எழுதாதீர்கள். உங்கள் துறையில் எழுதிவரும் ஒரு ஆசிரியரைக் கண்டுபிடித்து அவருக்கு ஒரு பக்க மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் சரி என்றால் மீதியைத் துறை பார்த்துக்கொள்ளும். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், சில இடங்களில் டாலரில் கேட்பார்கள். பணம் கட்டும் முன் அது எத்தனை மாதத்துக்கு, அதில் நூலக அனுமதி அடங்குமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

என் கடிதம் ஓர் அலுவலகத்தில் கையெழுத்துக்காக வாரக்கணக்கில் கிடந்தது. யாரும் மறுக்கவில்லை, யாரும் தொடவும் இல்லை. பத்து மின்னஞ்சலுக்கு அசையாதது ஒரு வாட்ஸாப் அழைப்புக்கு அசைந்தது. கென்ய அலுவலகங்களில் நேரடிப் பேச்சுக்குத்தான் மரியாதை. பேசும்போது எடுத்தவுடன் வேலையைக் கேட்காமல் நலம் விசாரித்துவிட்டுக் கேளுங்கள். அங்கே அதை விட்டுவிட்டுப் பேசுவது முரட்டுத்தனமாகப் படும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு: இனிஷியல். பட்டச் சான்றிதழில் ‘எஸ். குமார்’, கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்து ‘குமார் சுப்பிரமணியன்’, நெறியாளர் கடிதத்தில் வெறும் ‘குமார்’. அங்கே உட்கார்ந்து பார்ப்பவருக்கு இவர்கள் மூன்று பேர். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அதே வரிசையில், அதே எழுத்தில் எல்லாக் கடிதங்களையும் வாங்குங்கள். ஆய்வுத் தலைப்பும் அப்படித்தான். கடிதத்தில் ஒன்று, முன்வரைவில் இன்னொன்று என்றிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

3. அறநெறி ஒப்புதல்

ஆய்வால் பேட்டி தருபவர்களுக்குத் தீங்கு வராது என்று ஒரு குழு பார்த்துத் தரும் ஒப்புதல் இது. ‘வரலாற்று ஆய்வுக்கு எதற்கு?’ என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு முதியவரிடம் பேட்டி எடுத்தாலும் வேண்டும். காப்பகக் கோப்புகளை மட்டும் படிக்கப் போகிறீர்கள் என்றால், விலக்கு உண்டா என்று குழுவிடமே கேட்டு அதைக் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் தருவது கென்ய அரசின் அங்கீகாரம் பெற்ற குழுவாக இருக்க வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்களில் இத்தகைய குழுக்கள் இருக்கின்றன, தனியார் பல்கலைக்கழகமான ஸ்ட்ராத்மோரிலும் உண்டு. இந்தியாவில் உங்கள் பல்கலைக்கழகம் கொடுத்த ஒப்புதல் துணை ஆவணம்தான், இதற்கு மாற்று ஆகாது. பலர் மாட்டுவது இங்கேதான்.

முழு முன்வரைவு, பேட்டிக் கேள்விகள், சம்மதப் படிவம், தன்விவரம், நெறியாளர் கடிதம், இணைப்புக் கடிதம், கட்டண ரசீது ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் போதாது. சுவாஹிலியிலோ நீங்கள் போகும் ஊரின் மொழியிலோ, நம் உதாரணத்துக்குக் கிகம்பாவிலும், வேண்டும். மொழிபெயர்ப்பை இணைப்பு நிறுவனத்தின் மாணவர் ஒருவரிடம் கூலி கொடுத்துச் செய்வித்துக்கொள்ளலாம். 2019-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு, ஒலிப்பதிவு எங்கே இருக்கும், யார் கேட்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்றும் கேட்கிறார்கள். இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கித் தெளிவாக எழுதுங்கள்.

குழு தினமும் கூடாது. அடுத்த கூட்டத் தேதியைக் கேட்டு, அதற்கு முன்பே தாளைக் கொடுங்கள். திருத்தம் கேட்காமல் விடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

4. நக்கோஸ்டி உரிமம்

அறிவியல், தொழில்நுட்பம், புத்தாக்கத்துக்கான தேசிய ஆணையத்தை எல்லாரும் நக்கோஸ்டி என்றுதான் சொல்வார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கென்யாவில் ஆய்வு செய்ய இவர்களின் உரிமம் வேண்டும், இல்லாமல் செய்வது குற்றம். ‘சுற்றுலா அனுமதியில் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வந்துவிடலாம்’ என்று யோசனை சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். நாளைக்கு உங்கள் ஆய்வேட்டில் அந்தப் பேட்டிகளைப் பயன்படுத்த முடியாமல் போகும்.

விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். கடவுச்சீட்டுப் பக்கம், புகைப்படம், உங்கள் பல்கலைக்கழக அறிமுகக் கடிதம், இணைப்புக் கடிதம், முன்வரைவு, அறநெறி ஒப்புதல் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். கென்யர், கிழக்கு ஆப்பிரிக்க நாட்டவர், மற்றவர் என்று கட்டணம் வேறுபடும், படிப்பு நிலைக்கும் மாறும். தளத்தில் உள்ள அட்டவணையில் உங்கள் வரிசையைச் சரியாகப் பார்த்துக் கட்டுங்கள்.

விண்ணப்பத்தில் எந்தெந்த கவுன்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஆய்வு என்று கேட்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். உரிமம் நீங்கள் எழுதிய கவுன்டிகளுக்கு மட்டும்தான் செல்லும். 1938-ல் மச்சாகோஸ் மாவட்டமாக இருந்ததில் பாதி இன்று மக்குவேனி கவுன்டி. ‘மச்சாகோஸ்’ என்று மட்டும் எழுதிவிட்டு மக்குவேனி கிராமத்தில் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்தால் உங்களிடம் உரிமம் இல்லை என்றுதான் அர்த்தம். பழைய வரைபடத்தையும் இன்றைய 47 கவுன்டிகளின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நைரோபியையும் சேருங்கள், காப்பகம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரும் உரிமத்தில் சரிபார்க்கக் கியூஆர் குறியீடு இருக்கும், பின்பக்கம் நிபந்தனைகள் இருக்கும். அந்தப் பின்பக்கத்தை யாரும் படிப்பதில்லை, நீங்கள் படியுங்கள். படப்பிடிப்புக்கும் அகழாய்வுக்கும் தனி அனுமதி வேண்டும் என்பதும், உரிமத்தை இன்னொருவருக்கு மாற்ற முடியாது என்பதும் அங்கேதான் எழுதியிருக்கிறது.

5. பயண அனுமதி, தடுப்பூசி

2024 ஜனவரி முதல் கென்யாவில் விசா முறை போய் மின்னணுப் பயண அனுமதி வந்துவிட்டது. கட்டணம் 30 டாலர், அதோடு கடன் அட்டையில் கட்டுவதற்கான சிறு தொகை சேரும். கூகுளில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளம்தான், இரண்டு மூன்று மடங்கு கேட்பான். கென்ய அரசுத் தளங்களின் முகவரி ‘கோ.கேஈ’ என்று முடியும், அதை மட்டும் பாருங்கள்.

இந்த அனுமதியில் 90 நாள்வரை தங்கலாம். அதற்கு மேல் என்றால் குடிவரவுத் துறையின் வெளிநாட்டவர் சேவைத் தளத்தில் மாணவர் அனுமதியோ சிறப்பு அனுமதியோ கேட்க வேண்டும். அதற்கும் இணைப்பு நிறுவனத்தின் கடிதமும் நக்கோஸ்டி உரிமமும் கேட்பார்கள். முதல் பயணம் என்றால் 90 நாளுக்குள் முடித்துக்கொள்வது நிம்மதி.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போடாமல் போனால் பிரச்சினை போகும்போது இல்லை, திரும்பும்போது. கென்யாவிலிருந்து வருகிறவரிடம் சான்றிதழ் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாள்களில்தான் போடுவார்கள் என்பதால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மலேரியா மாத்திரையைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம். நைரோபியில் அவ்வளவாகப் பயமில்லை, கடற்கரையிலும் விக்டோரியா ஏரிப் பக்கமும் உண்டு.

காலத்தையும் பாருங்கள். மார்ச் முதல் மே வரை பெருமழை, கிராமத்து மண் சாலைகள் உங்களை உள்ளே விடாது. டிசம்பர் பாதிக்கு மேல் நைரோபியே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும். அடுத்த பொதுத்தேர்தல் 2027 ஆகஸ்டில். அதற்கு முன்னும் பின்னும் சில மாதங்கள் நிலம், இனம் பற்றிக் கேள்வி கேட்கும் அந்நியரை எந்த ஊரும் விரும்பாது.

6. தேசிய ஆவணக் காப்பகத்தில்

நைரோபி மோய் அவென்யூவில், முன்பு வங்கியாக இருந்த கட்டடம். வழி கேட்டால் ‘ஆர்க்கைவ்ஸ்’ என்றாலே எந்த மட்டாட்டு (தனியார் சிற்றுந்து) நடத்துநருக்கும் தெரியும். கீழ்த்தளம் முழுக்க முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் ஜோசஃப் முரும்பியின் கலைச் சேகரிப்பு, அதற்குத் தனி நுழைவுக் கட்டணம். வாசிப்புக்கு வந்தவர் என்று சொன்னால் மேலே அனுப்புவார்கள். கட்டட வாசலில் நெரிசல் அதிகம், பிக்பாக்கெட்டும் அதிகம். மடிக்கணினிப் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, அலைபேசியை உள்ளே போனபிறகு எடுங்கள்.

உரிமத்தின் அச்சு நகல், கடவுச்சீட்டு நகல், இரண்டு புகைப்படம் கொண்டுபோங்கள். வெளிநாட்டவருக்கான கட்டணத்தைக் கட்டி வாசகர் அனுமதி வாங்க வேண்டும். அரசுக் கட்டணங்கள் இப்போது ஈ-சிட்டிசன் என்ற அரசு இணையதளம் வழியாகத்தான், எம்-பெசா என்ற அலைபேசிப் பணச் சேவையில் கட்ட 222222 என்ற ஒரே பேபில் (பணம் பெறும் கணக்கு) எண். ஆகவே இறங்கிய அன்றே கடவுச்சீட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கி எம்-பெசாவைப் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது கையில் ரொக்கமாகக் கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கோப்புகள் உருவாக்கிய அலுவலகத்தின் பெயரில் அடுக்கப்பட்டிருக்கும். மச்சாகோஸ் மாவட்ட ஆணையர் கோப்புகள் ‘டி.சி./எம்.கே.எஸ்.’ என்று தொடங்கும், நியான்சா மாகாண ஆணையருடையவை ‘பி.சி./என்.இசட்.ஏ.’ இன்றைய ஊர்ப் பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. முராங்கா அன்றைக்கு ஃபோர்ட் ஹால், ந்யாஹுருரு அன்றைக்கு தாம்சன்ஸ் ஃபால்ஸ். கம்பா மக்களை அகம்பா, வகம்பா என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். மாகாண எல்லைகளும் பலமுறை மாறின. 1950களில் மச்சாகோஸ் தென் மாகாணத்தில் இருந்தது, விடுதலைக்குப் பின் கிழக்கு மாகாணத்தில். எனவே ஒரு மாகாணத் தலைப்போடு நிறுத்திவிடாதீர்கள்.

ஆண்டறிக்கைகளை முதலில் எடுங்கள், அவை வரைபடம் மாதிரி உதவும். ஆனால் எனக்குப் பிடித்தவை பொறுப்பு ஒப்படைப்பு அறிக்கைகள்தான். ஆண்டறிக்கை மேலிடத்துக்கு எழுதியது, அதில் எல்லாம் நல்லபடியாக நடக்கும். ஒப்படைப்பு அறிக்கை மாற்றலாகிப் போகும் அதிகாரி அடுத்து வருபவருக்கு எழுதியது. எந்தத் தலைவரை நம்பலாம், எந்த ஊரில் வரி வசூலாகாது, யார் மனு எழுதிக்கொண்டே இருப்பார் என்பதெல்லாம் ஒளிக்காமல் இருக்கும்.

கோப்பைப் பிரித்தால் மெல்லிய தாளில் கார்பன் நகல்கள், வலது மேல் மூலையில் தாள் எண். குறிப்பெடுக்கும்போது கோப்பு எண்ணோடு அந்தத் தாள் எண்ணையும் எழுதிவிடுங்கள், தேதியில்லாத கடிதத்துக்கு அதுதான் அடையாளம். ஓரத்தில் ‘பி.யு.’ என்றும் ஒரு தேதியும் இருந்தால் அன்றைக்கு மறுபடி எடுத்து வை என்று எழுத்தருக்குச் சொன்னது, ‘பி.ஏ.’ என்றால் மூடி வை. ஒரு மனுவை அதிகாரி எப்போது ஆறப்போட்டார் என்று இந்த இரண்டு எழுத்துகளே காட்டிக்கொடுக்கும்.

கேட்ட கோப்பு எல்லாம் வந்துவிடாது. ‘இடத்தில் இல்லை’ என்று, நீங்கள் கோப்பு கேட்டு எழுதிக் கொடுத்த சீட்டு திரும்பும். கோபப்படாமல் அடுத்த நாள் அதே சீட்டை இன்னொரு பணியாளரிடம் கொடுங்கள், சில சமயம் வரும். மாவட்டக் கோப்பு கிடைக்கவில்லை என்றால் அதே கடிதத்தின் நகல் மாகாணக் கோப்பிலோ வேளாண் துறைக் கோப்பிலோ இருக்க வாய்ப்புண்டு. மதிய உணவுக்கு முன்பே நாளின் பெரும்பகுதிச் சீட்டுகளைப் போட்டுவிடுவது நல்லது. படமெடுக்க விதி என்ன, நகலுக்குப் பக்கத்துக்கு எவ்வளவு என்று முதல் நாளே கேட்டு அதன்படி நடங்கள். திருட்டுத்தனமாக அலைபேசியில் எடுத்து அனுமதி பறிபோனால் உங்களுக்குப் பின்னால் வருகிறவரும் கஷ்டப்படுவார். முப்பது ஆண்டு ஆகாத அரசுக் கோப்புகளை எதிர்பார்க்காதீர்கள்.

பழைய நாளிதழ்களுக்கு, நடந்துபோகும் தூரத்தில் மெக்மில்லன் நினைவு நூலகம் இருக்கிறது. காப்பகத்தில் கோப்பு வராத நாளை அங்கே கழிக்கலாம்.

7. கவுன்டியில் காலடி வைக்கும் முன்

உரிமம் கையில் இருக்கிறதே என்று நேராகக் கிராமத்துக்குப் போகக் கூடாது. கவுன்டி ஆணையர், கவுன்டிக் கல்வி இயக்குநர், ஆளுநர் அலுவலகம் மூன்றுக்கும் தெரிவித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. ஆளுக்கு ஒரு உரிம நகலும் ஒரு பக்கக் கடிதமும் கொடுங்கள். உங்களிடம் இருக்கும் நகலில் முத்திரை வாங்குங்கள். சில அலுவலகங்கள் தனியாக ஓர் அனுமதிக் கடிதமே தரும். அந்த முத்திரைதான் கிராமத்தில் பேசும்.

அதற்கடுத்து துணைக் கவுன்டி அலுவலகம், பிறகு அந்தப் பகுதியின் சீஃப் (அரசு நியமித்த உள்ளூர் நிர்வாகி), அவருக்குக் கீழ் துணை சீஃப். இந்த ஏணியை மேலிருந்து கீழே இறங்குங்கள். துணை சீஃப் உங்களை ஊர்க்கூட்டத்தில் அறிமுகப்படுத்தினால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பேட்டியின்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நிலத்தகராறு பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். நன்றி சொல்லி மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

நைரோபியிலிருந்து மச்சாகோஸ் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வெளியூர் வண்டிகள் கிளம்பும் நைரோபி நிலையத்துக்குப் பெயரே ‘மச்சாகோஸ் கன்ட்ரி பஸ்’. அங்கே இறங்கி மச்சாகோஸ் வந்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள்.

8. பேட்டியும் அதற்கான செலவும்

உள்ளூர் ஆய்வு உதவியாளர் இல்லாமல் முதியவர்களிடம் போகாதீர்கள். இணைப்புத் துறையிடமே ஒரு முதுகலை மாணவரைக் கேளுங்கள். நாள்கூலி, பேருந்துச் செலவு, ஒலிப்பதிவை எழுத்தாக்கும் கூலி மூன்றையும் தனித்தனியாகப் பேசி முடியுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கி மொழிபெயர்க்க ஒரு நாளுக்கு மேலாகும், பட்ஜெட்டில் எல்லாரும் மறப்பது இதைத்தான்.

பேட்டிக்குப் பணம் கொடுப்பதா என்பது பெரிய விவாதம். என் வழக்கம்: பதிலுக்குக் காசில்லை, நடந்தோ வண்டியிலோ வந்தவருக்கு வழிச்செலவு, வீட்டுக்குப் போனால் சர்க்கரையும் தேயிலையும். இதையும் அறநெறி விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால் பின்னால் கேள்வி வராது. 1938 போன்ற தலைப்பில் நேரில் கண்டவர்கள் இருக்கமாட்டார்கள். நீங்கள் பதிவது பிள்ளைகளும் பேரர்களும் கேட்டு வளர்ந்ததை. கேள்விகளை அதற்கேற்ப மாற்றுங்கள்: ‘என்ன நடந்தது?’ என்பதைவிட ‘வீட்டில் யார், எப்போது இதைச் சொன்னார்கள்?’ என்பது நிறையக் கொண்டுவரும்.

மொத்தத்தில் விமானச் சீட்டும் நைரோபி வாடகையும் பெரிய தொகை. அடுத்து உதவியாளர். அதற்கும் அடுத்துத்தான் அரசுக் கட்டணங்கள். ஒரு டாலருக்கு 130 கென்ய ஷில்லிங் அளவில் கணக்குப் போட்டு, மேலே ஒரு பங்கு கையிருப்பு வையுங்கள். மூன்று தட்டை முள் கொண்ட ஆங்கிலேய பிளக் மாற்றி ஒன்றையும் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

9. ஊர் திரும்பியபின்

ஆய்வு முடிந்து ஓராண்டுக்குள் இறுதி அறிக்கையின் அச்சுப்படி ஒன்றை நக்கோஸ்டிக்குக் கொடுத்து, மின்படியைத் தளத்தில் ஏற்ற வேண்டும். ஆய்வேடு முடியத் தாமதமாகும் போலிருந்தால் உரிமம் காலாவதியாகும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். உரிமம் ஓராண்டுக்குத்தான், காலாவதியானபின் கேட்டால் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அச்சுப்படியைத் தபாலில் அனுப்புவதைவிட இணைப்புத் துறையில் யாரிடமாவது கொடுத்து அப்பர் கபேட்டேயில் உள்ள அவர்கள் அலுவலகத்தில் சேர்ப்பித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காப்பகத்துக்கும் ஒரு படி கொடுங்கள். மச்சாகோஸ் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒன்று, உங்களிடம் பேசிய குடும்பங்களுக்கு அவர்கள் பேட்டியின் எழுத்துப்படி ஒன்று.